கொம்பில்லாத வைக்கிங்கும் என் பத்து நிமிடமும்

ஓடுகிற பஸ்ஸில் சாரதிக்கு முதுகைக் காட்டி, கேட்க விருப்பமில்லாத நாற்பது முகங்களைப் பார்த்தபடி நின்று கதைக்கிற தொழிலுக்குச் சுற்றுலா வழிகாட்டி என்று பெயர்.

வாத்தியாராக இருந்தவர்கள், கோயில் திருவிழாவில் மைக் பிடித்தவர்கள், சொந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிப் பார்த்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து கோடை தோறும் கூட்டம் கூட்டமாக ஒஸ்லோ பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஸ்வைன் என்பவர் நடத்திய சின்னச் சுற்றுலா நிறுவனத்துக்குத் தமிழ் தெரிந்த வழிகாட்டி தேவைப்பட்டது. நகரத்தின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் இருந்த நான் போய்ச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, நோர்வேயின் வடக்கு முனையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கிக் கழுவாத தரையெல்லாம் கழுவி அலுத்திருந்த எனக்கு, இனி வாயால் பிழைக்கலாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

கட்டடங்களைப் பற்றி யாரும் சொல்லலாம். எனக்குப் பிடித்தவை ஒருவரும் சொல்லாத கதைகள். இந்த நாட்டில் உருளைக்கிழங்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் பாதிரிமார். பிரசங்கத்துக்கு நடுவில் கிழங்கு நடச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஒஸ்லோ எரிந்து போனபோது அரசன் ஊரையே கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லி, அதற்குத் தன் பெயரையும் சூட்டிக்கொண்டான். இப்படியானவை. அவற்றில் ஒரு கதை என் சொந்தக் கதை. நகரசபைக் கட்டடத்துக்குப் பின்னால், துறைமுகத்தில் பஸ்ஸை நிறுத்தி, வடக்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழரைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்ல ஸ்வைனிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தேன். நான் போன ஒரு அருங்காட்சியகத்திலும் அந்தக் கதை இல்லை. நான் சொல்லாவிட்டால் அது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். நான் பட்ட பாடெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றத்தான்.

ஸ்வைனும் எங்கள் பஸ் சாரதியும் என்னோடு பேசியது நோர்வேஜிய மொழியில். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே எழுதுகிறேன்.

கொம்பு

முதல் கோடையிலேயே தகராறு தொடங்கிவிட்டது. சுற்றுலாவின் கடைசி நிறுத்தம் ஒரு நினைவுப்பொருள் கடை. வாசலில் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசங்கள் குவிந்து கிடக்கும். கடை ஸ்வைனின் மைத்துனருடையது. நான் என்ன செய்தேன் என்றால், கடைக்குப் போகிற வழியில் மைக்கைப் பிடித்து, வைக்கிங்குகள் கொம்பு வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனவர்களே இல்லை, அது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் மேடை நாடகத்துக்கு உடை வரைந்தவர்கள் ஒட்டிவிட்ட கொம்பு என்று விளக்கமாகச் சொன்னேன். உண்மை சொல்வதில் அப்போது எனக்கு அவ்வளவு உற்சாகம்.

கூட்டம் அன்றைக்கென்று பார்த்துக் கவனமாகக் கேட்டுத் தொலைத்தது. கடையில் ஒருவரும் தொப்பியைத் தொடவில்லை. ஒன்றை ஆசையாகத் தலையில் வைத்துப் பார்த்த கணவரிடம் மனைவி, "டூப்ளிகேட்டாம்ங்க, வெச்சிட்டு வாங்க" என்றார். அன்று மாலை ஸ்வைன் என்னைக் கூப்பிட்டார். ஆள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். மேசையில் இருந்த கொம்புத் தொப்பியை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "கொம்பில்லாத வைக்கிங்கை ஒருத்தரும் வாங்கமாட்டினம், சிவா. கடையிலை வியாபாரம் குறைஞ்சால், உன்ரை பத்து நிமிசத்தைத்தான் எடுத்துக் கடைக்குக் குடுக்க வேண்டி வரும்."

நல்ல தமிழ்

மைக்கைப் பிடித்து "வணக்கம், நான் சிவா, இண்டைக்கு உங்களோடை வரப்போறன்" என்று தொடங்கினால் போதும், முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், நீங்க கேரளாவா?" வராத கூட்டம் இல்லை. முதலில் சிரித்தேன். பிறகு விளக்கினேன். அதன் பிறகு பல்லைக் கடித்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அவர்களுடைய தமிழையே பேசிப் பார்த்தேன். "வாங்க, போங்க, அப்புறம், ரொம்ப" என்று நான் பேசுவதைக் கேட்டு, ஒருநாள் என்னோடு வந்திருந்த என் மகள் அபி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி சுற்றுலா முடியும்வரை ஒரு சொல் விடாமல் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு மனம் குளிர்ந்து போனது. இறங்கும்போது என்னிடம் வந்தார். உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்கப் போகிறார், இல்லை மீன் கதையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று ஆயத்தமாக நின்றேன். அவர் கையைக் கூப்பி, உண்மையான அன்போடு சொன்னார்: "உங்க தமிழ் அவ்ளோ நல்லா இருக்கு சார். எங்க கத்துக்கிட்டீங்க?"

புலி

ஒஸ்லோ ரயில் நிலையத்துக்கு முன்னால் வெண்கலப் புலி ஒன்று நிற்கிறது. நகரத்தின் ஆயிரமாவது ஆண்டுக்கு வைத்தது. இந்த ஊருக்குப் புலிநகரம் என்று பழைய பட்டப்பெயர் உண்டு. கிராமத்திலிருந்து பிழைக்க வருகிறவனை நகரம் அடித்துத் தின்றுவிடும் என்ற பயத்தில் வந்த பெயர். பிழைக்க வந்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் அதை நான் ஒருநாளும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

ஏனென்றால் புலியைக் கண்டதுமே பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு. என்னைப் பார்ப்பார்கள், புலியைப் பார்ப்பார்கள், மறுபடி என்னைப் பார்ப்பார்கள். நோர்வே எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் வேறு. நான் வீட்டில் செய்தி கேட்டு நித்திரை இல்லாமல் எழும்பி வந்திருப்பேன். இவர்களுக்கு அது படம் எடுக்கிற இடம். ஒருவர் புலியின் காலைப் பிடித்தபடி படத்துக்கு நின்று முடித்துவிட்டு, என் தோளில் கைபோட்டுக் காதோடு கேட்டார்: "நம்மகிட்ட சொல்லலாம் சார், இது உங்க ஆளுங்க வெச்சதுதானே?"

ஏலக்காய்

மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற ஏலக்காயை நாம் பாயசத்துக்கும் தேநீருக்கும் போடுகிறோம். நோர்வேக்காரர் மாவில் குழைத்துப் பணிஸ், அதாவது பன், சுடுகிறார்கள். அது இல்லாமல் அவர்களுக்குப் பிறந்தநாளும் இல்லை, கால்பந்துப் போட்டியும் இல்லை. நம்முடைய மலைச் சரக்கு இந்தக் குளிர்நாட்டின் சமையலறைக்குள் எப்படிப் புகுந்தது என்பதற்கே ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுக் கையில் ஒன்று கொடுத்தால் எந்தத் தமிழனும் உருகிவிடுவான் என்று நினைத்தேன். ட்வெய்ட்டா என்ற பகுதியில் ஒரு வெதுப்பகத்தில் சொல்லிவைத்து, பஸ் நிறையச் சூடான பணிஸ் ஏற்றினேன். வாசனை தூக்கியது. எல்லோரும் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். "பாயசம் மாதிரியே இருக்கே" என்றார் ஒருவர். எனக்குக் கண் கலங்கும் நிலை.

அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சார், மாவுல முட்டை போட்டிருக்கா?" அன்றைய கூட்டம் சுத்த சைவம். நான் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சைவம். இது எனக்குத் தோன்றவே இல்லை. தொலைபேசியில் கேட்டேன். போடாமல் எப்படிச் சுடுவது என்று வெதுப்பகப் பெண் திருப்பிக் கேட்டார். பணிஸ் எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து பெட்டிக்குள் விழுந்தது. பெட்டி சாரதி கோரேயிடம் போனது. கோரே நோர்வேயின் வடக்குப் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அவருக்கு அதிகம். அதில் இரண்டு, ஆமாம் என்கிற "ஓம்" ஆக இருக்கும். அன்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். மாலையில் வாயைத் துடைத்துவிட்டு, நான் கேட்ட அளவில் அவருடைய மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "இந்த ஆக்கள் வாற கிழமையும் வருவினமோ?"

மீன்

இனி அந்தப் பத்து நிமிடம். நகரசபைக்குப் பின்னால் படகில் வைத்து இறால் விற்பார்கள். அங்கேதான் நிறுத்துவோம். நான் சொல்வது இது: வடக்கில், குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்க்காத ஊர்கள். கடலில் மீன் இருந்தது, கரையில் தொழிற்சாலை இருந்தது, வெட்டத்தான் ஆள் இல்லை. உள்ளூர் இளசுகள் எல்லாம் தெற்கே ஓடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் போனோம். கணக்கும் விஞ்ஞானமும் படித்த கைகளில் கத்தியைப் பிடித்து, வரிசையில் நின்று கொட் மீனைக் கிழித்தோம். கல்யாணம் கட்டினோம். எங்கள் பிள்ளைகளால் பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் நிரம்பின. மூடப் பார்த்த கடை திறந்தே இருந்தது.

வரிசைக்கு மேற்பார்வை போர்க்ஹில்ட் என்ற பெண். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி எங்களைத் திட்டுவார். கதைத்தால் திட்டு, கத்தியைத் தீட்டாவிட்டால் திட்டு, தொப்பி போடாமல் பனிக்குள் போனால் அதற்கும் திட்டு. எங்கள் தீபாவளிக்கு வந்து இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்து, இதை இவ்வளவு மெலிதாக ஏன் செய்கிறீர்கள் என்று அதற்கும் திட்டினார். எனக்கு ஒழுங்காகக் கோபப்படத் தெரிகிறதென்றால் அது அவரிடம் பழகியதுதான். ஊரின் பெயரையும் போர்க்ஹில்டின் பெயரையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லுவேன். நாங்கள் போனதால்தான் அந்த ஊர் எழும்பி நடந்தது என்று முடிப்பேன். ஒருநாள் பாதிக் கதையில், இறால் வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்த ஒருவர் பணிவாகக் கையைத் தூக்கினார்: "சார், மீன் மேட்டர லஞ்சுக்கு அப்புறம் வெச்சுக்கலாமா?"

வகுப்பு

அன்று வீட்டுக்குப் போய்க் கொதித்தேன். சோற்றைப் பிசைந்தபடி, எங்கள் ஆட்கள் பட்ட பாட்டைக் கேட்க இவர்களுக்குப் பத்து நிமிடம் இல்லையா, கடையில் சாவிக்கொத்து பொறுக்க ஒரு மணித்தியாலம் இருக்கிறதே என்று கேட்டேன். மனைவி எழும்பிப் போய்விட்டார். அவருக்கு இது பழைய பாட்டு.

அபி மட்டும் இருந்தாள். அவள் பிறந்தது அந்த மீன் ஊரில்தான், ஆனால் நினைவில்லை; பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிற வயது. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, அவை ஊர் பாக்க வந்தவை. லீவிலை வந்த சனத்தைப் பிடிச்சு வைச்சு நீங்கள் வகுப்பு எடுக்கிறீங்கள்."

எலி

என் பத்து நிமிடத்துக்கு உலை வைத்தது ஓர் எலி. லெமிங் என்று வடக்கின் மலைகளில் இருக்கிற சின்ன எலி. அது கூட்டம் கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துத் தற்கொலை செய்யும் என்று உலகமே நம்புகிறது. அப்படி ஒன்றும் இல்லை. பெருகினால் இடம் தேடிப் போகும், போகிற வழியில் சில தண்ணீரில் விழுந்து சாகும், அவ்வளவுதான். படம் பிடிக்கப் போனவர்கள் எலிகளைத் தாங்களே தள்ளிவிட்டுப் படம் எடுத்த கதையும் உண்டு. பாவப்பட்ட பிராணிக்கு வந்த பழியைத் துடைக்கிறேன் என்ற நினைப்பில் இதை விரிவாகச் சொன்னேன்.

ஈரோட்டில் பெரிய துணிக்கடை வைத்திருக்கிறவர் ஒருவர் எழுந்து நின்றார். ஓடுகிற பஸ்ஸில். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவர் தன் கடைப் பிள்ளைகளுக்கு இந்த எலியை வைத்துத்தான் பேசுவாராம்; கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தோடு போகாதே என்று சொல்லிக் கைதட்டு வாங்குவாராம். நான் பொய் சொல்கிறேன் என்றார். நான் இல்லை என்றேன். அவர் குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன், என் கையில் மைக் வேறு இருந்தது. ஹோட்டலில் இறங்கியதும் நேரே ஸ்வைனிடம் புகார் செய்தார். என்னைச் சுட்டிக் காட்டி அவர் ஸ்வைனிடம் ஆங்கிலத்தில் கேட்டதை உங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை, என்னைப் பார்த்து அதைத் தமிழிலும் ஒருதரம் கேட்டுவிட்டார்: "காசு குடுத்து வந்து, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்புன்னு கேக்கணுமாய்யா?"

முடிவு

ஸ்வைன் அடுத்த காலையிலேயே சொல்லிவிட்டார். துறைமுகத்தில் இனி நிறுத்தம் இல்லை. நகரசபையைக் கடந்ததும் பஸ் நேரே கடைக்குப் போகும். நான் கதைகளைக் குறைத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும். நான் மேசையில் கையால் அடித்தேன். கொம்பையும் விடுகிறேன், எலியையும் விடுகிறேன், மீனை மட்டும் எனக்கு விட்டுவை என்று கேட்டேன். அது என் கதை, என்னோடு வேலை செய்தவர்களின் கதை, இந்த நகரத்தில் வேறு ஒருவரும் அதைச் சொல்வதில்லை என்றேன்.

ஸ்வைன் கொஞ்சம் இரங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். எழும்பி வந்து, கோப்பி ஊற்றி என் பக்கம் தள்ளினார். பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "மீன் எல்லாரும் பாத்திருக்கினம், சிவா."

போர்க்ஹில்ட்

அடுத்த கூட்டத்தோடு புறப்பட்டோம். மைக்கில் கழிப்பறை பற்றித் தெளிவாகச் சொன்னேன். நகரசபையைக் கடந்ததும் பஸ் கடைப் பக்கம் திரும்பவேண்டும். திரும்பவில்லை. துறைமுகத்துக்கே போய், வழக்கமான இடத்தில் நின்றது. கோரே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். ஆட்கள் படம் எடுக்க இறங்கிப் போனார்கள். ஸ்வைன் என்னைத்தான் தின்னப் போகிறார், ஏன் இங்கே நிறுத்தினாய் என்று கோரே மேல் பாய்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ இஞ்சை சொல்லுற கதையிலை எனக்கு விளங்குறது ரெண்டு சொல்லுத்தான். ஒண்டு எங்கடை ஊரின்ரை பேர். மற்றது போர்க்ஹில்ட். அவ என்ரை அம்மா."

நான் முன் இருக்கையில் இருந்துவிட்டேன். மூன்று கோடையாக இந்த மனுஷனின் பஸ்ஸில் நின்று அவருடைய அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் ஒருநாளும் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பேல்லையே" என்றார். அந்த ஊரை விட்டு அவர் இளவயதிலேயே போய்விட்டார், நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னமே. அதனால்தான் நான் அவரை அங்கே கண்டதில்லை. முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். சொன்னேன், முதல் தடவையாக நோர்வேஜிய மொழியில். கத்தி, தொப்பி, இடியப்பம் எல்லாம். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கேட்டார். இடியப்பத்துக்குச் சிரித்தார். நாங்கள் போனதால்தான் ஊர் எழும்பி நடந்தது என்று வழக்கம்போல முடித்தேன்.

"பிறகு?" என்றார் கோரே.

பிறகு என்று என் கதையில் ஒன்றும் இல்லை. அவர்தான் சொன்னார். நாங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே கிளம்பினோம், ஒஸ்லோவுக்கும் லில்லெஸ்ட்ரோமுக்கும். வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் தொழிற்சாலை மூடியது. பிறகு பள்ளிக்கூடம். பிறகு கடை. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கத்தியைத் தவிர வேறு வேலை இல்லாத ஊரில் நாங்கள் மட்டும் எதற்காக நிற்கவேண்டும்? எங்கள் பிள்ளைகளும் மீன்தான் வெட்டவேண்டுமா? பஸ் அதிரக் கேட்டேன். "நீயும்தானே வெளிக்கிட்டனி? எங்களுக்கு முந்தியே வெளிக்கிட்டனி" என்றேன். கோரே கோபப்படவில்லை. இன்ஜினைப் போட்டார். ஆட்களைக் கூப்பிட ஹோர்னை ஒருதரம் அடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, அவசரமில்லாமல் சொன்னார்: "ஓம், நானும் வெளிக்கிட்டனான். அதிலை அம்மாவுக்குக் கோபமில்லை. பெத்த பிள்ளையள் போகுங்கள் எண்டு அவவுக்குத் தெரியும். உங்களிலைதான் இண்டைக்கும் கோபம். நீங்கள் நிப்பியள் எண்டு நினைச்சவ."

ஒருவருக்கும் தெரியாத கதைகளைத் தேடித் தேடி ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் கதையின் மீதிப் பாதி தெரிந்த ஒரே ஆளுக்கு மூன்று கோடையும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.